ஒரு சாண்

முப்பதாவது மாடியில் லிஃப்ட் கதவு மூட மறுத்தது. ஸ்ட்ரெச்சர் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“குறுக்கே திருப்புங்க!” என்று கத்தினாள் நர்ஸ்.

“இடிக்குதும்மா,” என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். “வேற பெரிய லிஃப்டும் கிடையாதாம்.”

“அவரை உட்கார வெச்சுடலாமா?” அடிபட்ட பெரியவரின் மனைவி கைகளைப் பிசைந்தாள்.

“இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கு. உள்ளே ரத்தம் கசியுது. அசைச்சாலே ஆபத்தும்மா,” என்றாள் நர்ஸ்.

வேறு வழியில்லாமல் படிக்கட்டுப் பக்கம் தூக்கினார்கள். பெரியவர் முனகினார்.

டிரைவர் வெடித்தார். “ரெண்டு ரூம் கூடுதலா வாடகைக்கு விடலாம்னு லிஃப்டைச் சுருக்கியிருக்கான்! எந்தப் பாவி வரைஞ்ச பில்டிங் இது? அவன் ஒரு நாள் இதுல படுத்துப் பார்க்கணும்!”

பெரியவரின் மனைவி டிரைவரின் தோளைத் தொட்டாள்.

“இவர்தான் வரைஞ்சாரு. மெதுவாத் திட்டுங்க தம்பி... இவருக்கு இன்னும் காது கேக்குது.”