படத்தில் விழாது

இழுக்கக் கூடாது. தள்ள வேண்டும்.

சட்டியில் துணி விரித்து, தண்ணீர் ஊற்றி, லென்ஸைக் காலையிலிருந்து சிறு தீயில் சூடேற்றியிருந்தாள். அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும். இப்போது இரண்டு கட்டைவிரல்களாலும் மெல்லத் தள்ளினாள்.

பிசின் இளகியது. ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிப் பிரிந்தன.

போட்டோ எடுக்கும் அன்வர் கொண்டுவந்த லென்ஸ் அது. பித்தளைக் குழல், மரக் கேமராவில் மாட்டுவது, அவனுடைய தாத்தாவைவிட வயதில் மூத்தது. உள்ளே பிசின் பழுத்து, ஓரத்தில் விட்டுப்போயிருந்தது. பிரித்து, துடைத்து, மறுபடி ஒட்டித் தர வேண்டும்.

விளிம்பில் பென்சிலால் இரண்டு சிறு கோடுகள்.

எது எதற்கு நேர் என்று தெரிவதற்காக எல்லோரும் ஒரு கோடு போடுவார்கள். ஜெயசீலன் மட்டும் இரண்டு போடுவார். ஒன்று அழிந்தாலும் இன்னொன்று இருக்குமாம்.

ஆக, முன்பு இதை ஒட்டியது அவள் புருஷன்தான். அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. ஊரில் பாதி லென்ஸ் அவர் கை பட்டது.

கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

மஞ்சள் பிசினுக்குள், ஓரமாக, ஒரு முடி.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். தலைமுடி அல்ல, இமைமுடி. நீளமாக, நுனி மேலே வளைந்து இருந்தது. பொம்பளைக்கு இருக்க வேண்டிய இமை என்று கல்யாணத்தன்றே அவள் அத்தைமார் மாப்பிள்ளையைக் கேலி செய்த இமை.

முதலில் கோபம்தான் வந்தது.

ஒட்டு வேலை நாளில் மின்விசிறி ஓடக் கூடாது. தரையை ஈரத்துணியால் துடைத்திருக்க வேண்டும். தலையில் ஈரத் துண்டு. பூ வைக்கக் கூடாது. பவுடர் பூசக் கூடவே கூடாது. தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிய இவள், பூசிய முகத்தோடு மேசைப் பக்கம் வந்துவிட்டாள் என்று அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை மனுஷன். தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்ம வேண்டும்.

உள்ளே ஒரு தூசி கிடந்தால்தான் என்ன, படத்திலா தெரியப்போகிறது என்று ஒருமுறை அவள் கேட்டாள். தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

"படத்துல விழாதுன்னு சொல்றது சோம்பேறிப் பேச்சு" என்றார்.

இவ்வளவு சட்டம் பேசியவரின் சொந்த இமைமுடி இத்தனை வருஷமாகப் பிசினுக்குள் சுகமாகப் படுத்துக் கிடக்கிறது.

அவள் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். 'இதைப் பாத்தீங்களா' என்று கேட்க எதிர் நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

அவர் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார்.

அன்றைக்கு அவள் அழவில்லை. சொந்தக்காரர்கள் அதைப் பேசிப் பேசி மாய்ந்தார்கள். இப்போதும் அழுகை வரவில்லை. இதைச் சொல்லிச் சண்டை போட ஆள் இல்லையே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அசிட்டோன் தொட்ட தூரிகையால் முடியைச் சுற்றி இளக்கி எடுத்தாள். வெள்ளைத் தாளில் வைத்தாள். மூச்சு விட்டால் பறந்துவிடும்.

எங்கே வைப்பது?

டப்பியில் போட்டால் தூசியோடு தூசியாகிவிடும். தாளில் மடித்தால் என்றைக்காவது குப்பைக்குப் போகும். அவருடைய போட்டோ இருக்கிறது, சட்டைகள் இருக்கின்றன. அவை வேறு.

இது அவர் உடம்பு.

விளிம்புக் கோடுகளில் படாமல் இரண்டு கண்ணாடிகளையும் துடைத்தாள். சுத்தமாகிவிட்டன.

அவர் போனபின் அவள் தனியாக எடுத்த முதல் வேலை இது. அந்தம்மாவுக்கு என்ன தெரியும், கடையை மூடிவிடுவாள் என்று கடைவீதியில் பேச்சு இருந்தது. அன்வர் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பேச்சு நிஜமாகிவிடும்.

புதுப் பிசின் ஒரு சொட்டு விட்டாள்.

மேல் கண்ணாடியை இறக்கும் முன் கை நின்றது.

அதிக நேரம் நிற்கவில்லை.

பிசின் இறுகியதும் சொல்லியனுப்பினாள். அன்வர் வந்து, லென்ஸை வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்தான். தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றான். மெல்லத் திருப்பினான். பிறகு, ஓரத்தில் ஒரு முடி தெரிகிறதே என்று இழுத்தான்.

"படத்துல விழாது" என்றாள்.

கடைக்கு வந்தவர்கள் யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. குரல் பிசிறவில்லை.

அன்வருக்கு அரை மனசு. எடுத்தே பார்த்துவிடலாம் என்று மரக் கேமராவை வாசலில் நிறுத்தி, லென்ஸை மாட்டி, எதிரே முக்காலியில் அவளையே உட்காரச் சொன்னான்.

இதோ வருகிறேன் என்று உள்ளே போனாள். முகம் கழுவினாள். பவுடர் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அன்வர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான்.

"அக்கா, பார்வை கொஞ்சம் ஓரமாப் போகுது. நடுவுல பாருங்க."

"இருக்கட்டும் தம்பி. நீ எடு."