சால்வை போர்த்திவிட்டுப் பேசு

தன் இரண்டு காணி நிலத்துக்குத் தண்ணீர் தரும் ஏரியைத் தூர்த்து லாட்ஜ் கட்டப்போகிறார்கள் என்று கேட்டதும், எத்திராஜ் கொதித்துப்போய் அதற்கு அனுமதி தரவேண்டிய அமைச்சர் தங்கியிருந்த பயணியர் மாளிகைக்கு ஓடினார். வாசலில் போலீஸ்காரர்கள் மறித்தார்கள்.

"விடுங்கய்யா! அந்தாளை நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்!"

மந்திரிகளிடம் காரியம் முடித்துத் தரும் தாமோதரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தாராளமா கேளுங்க பெரியவரே, நானே கூட்டிட்டுப் போறேன். வெறுங்கையோட போனா மூஞ்சி குடுக்கமாட்டாரு. மொதல்ல இந்தச் சால்வையப் போத்துங்க, அப்புறம் கிழிங்க."

எத்திராஜ் உள்ளே போய் அமைச்சருக்குப் போர்த்தினார். கேமரா பளிச்சென்றது. வாயைத் திறப்பதற்குள் வெளியே தள்ளிவிட்டார்கள்.

மறுநாள் டீக்கடையில் பேப்பர் படித்த பங்காளி அவரை முறைத்தான்.

"படத்துல இருக்கறது நீதானே? 'விவசாயிகளே நேரில் வந்து சால்வை போர்த்தி நன்றி சொன்னார்கள். அதனால்தான் லாட்ஜுக்குக் கையெழுத்துப் போட்டேன்'னு மந்திரி சொல்லியிருக்காரு. தூ! எங்க ஏரியக் குடுக்க நீ யாருய்யா?"