காலியாக மாட்டிய தொட்டி

நல்லமுத்துவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகமூடி மாட்டிக்கொண்டு தூங்க டாக்டர் ஒரு மெஷின் கொடுத்தார். காற்றை ஈரமாக்க அதிலுள்ள சின்னத் தொட்டியில் சாதாரணத் தண்ணீர் கூடாது, காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றார். மனைவி பானுமதி மலையிறங்கிப் போய், மருந்துக் கடையில் கேன் கேனாக வாங்கி வந்தாள்.

ஆனாலும் காலையில் தொட்டியின் அடியில் செம்மண் படிந்திருந்தது. தினமும் படிந்தது.

"ஏனுங்க, மலை ஊத்துத் தண்ணியக் கலந்தீங்களா?"

"அது வத்திப் பல வருசமாச்சே கண்ணு."

நேற்று அவள் தொட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, காலியாகவே மாட்டினாள். கதவையும் உள்ளே தாழிட்டாள்.

இன்று காலை தொட்டி நிறைந்திருந்தது. மெஷின் சூடாக்க வேண்டிய தண்ணீர் ஜில்லென்று இருந்தது. முகமூடி இரவு முழுக்க ஒருமுறைகூடக் கழலவில்லை என்று மெஷினின் திரை காட்டியது. போர்வையை விலக்கினாள். அவர் முழங்கால்வரை ஈரச் செம்மண்.

கண் விழித்தவர் முகமூடியைக் கழற்றினார்.

"ஊத்துக் கரை வழுக்கும்னு சொன்னேனே கண்ணு, நீ எதுக்குப் பின்னாலயே வந்த?"

பானுமதி குனிந்து பார்த்தாள். அவள் சேலைக் கரையிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.