வாய்மொழித் தேர்வு

முகிலரசனின் கழுத்தில் தொங்கிய செயற்கை அறிவுக் கருவி, தேர்வில் அவனுக்குப் பதிலாக ஜப்பானிய மொழியில் மணிமணியாகப் பேசிக்கொண்டிருந்தது. அவனோ கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தான். நாலு வருஷம் அந்த மொழியைப் படித்த லட்சணம்! தேர்வு விதியே அதை அனுமதித்த பிறகு என்ன செய்ய? பேராசிரியர் கோமளவல்லி அவனைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். மொட்டை. போன வாரம் அவன் அம்மா தவறிவிட்டதாகத் துறையில் சொன்னது கோமளவல்லிக்கு நினைவு வந்தது.

மனசு கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் ஜப்பானிய மொழியிலேயே, "அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டுவிட்டார்.

"அம்மா நல்ல சுகம். உங்களை ரொம்ப விசாரித்தார்கள்" என்று அதே மொழியில் பணிவாகச் சொன்னது கருவி.

கோமளவல்லி பேனாவை மூடி வைத்தார்.

முகிலரசன் நிமிர்ந்தான். "சரியாச் சொல்லிடுச்சா மேடம்?"