வெளிநாட்டுச் செடி

ஊரோரத்தில் உடைமரங்கள் நிறைந்த உடங்காட்டைப் பாதுகாக்கக் கம்பிவேலி போட்டபின், தன்னார்வலர்களை மட்டுமே உள்ளே விட்டார்கள். அதனால் வேலுத்தாயும் தன்னார்வலரானாள். பிறந்த மறுநாளே செத்த மகளை அங்கேதான் புதைத்திருந்தாள். சொன்னால் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடத்தில் அவள் வைத்த நித்தியகல்யாணிக்கு, ஞாயிறுதோறும் புதிதாக நட்ட மரக்கன்றுகளுக்கு ஊற்றியது போக மிச்சத் தண்ணீரை ஊற்றுவாள்.

இன்று ஒருங்கிணைப்பாளர் நவநீதன் அதைப் பார்த்துவிட்டார்.

“அக்கா, இது வெளிநாட்டுச் செடி. வேரோட புடுங்கிருங்க.”

“பூக்குற செடி, இருந்துட்டுப் போகட்டும் சார்.”

“ஒண்ண விட்டா காடு பூரா பரவிரும்.”

பிடுங்கினாள். செடியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அதே இடத்தில் நடுவதற்கு நவநீதன் இலுப்பைக் கன்றும் கடப்பாரையும் கொண்டுவந்தார்.

“ரெண்டடி ஆழம் வேணும்.”

“ஒரு அடி போதும் சார்.”

“ஒரு அடியில வேர் பிடிக்காதுக்கா, தள்ளுங்க” என்று கடப்பாரையை ஓங்கினார்.

“குடுங்க சார், நானே தோண்டுறேன்.”

வாங்கிய கடப்பாரையைத் தள்ளிப் போட்டுவிட்டு வேலுத்தாய் மண்டியிட்டாள். விரல்களால் மண்ணை மெல்ல விலக்கத் தொடங்கினாள்.

நவநீதன் மற்றவர்களைக் கூப்பிட்டார். “எல்லாரும் வந்து பாருங்க. இப்படித்தான் தோண்டணும்.”