ஏழு இருபது

“ஊரே கூலி கேட்டு ஊர்வலம் போயிருக்கு. நீ மட்டும் நட்சத்திரம் பாத்துக்கிட்டு இருந்தியாக்கும்?”

அரசு வக்கீல் குஞ்சிதபாதம் கேட்ட தோரணையில் கோர்ட்டே சிரித்தது.

ராஜாத்தி சிரிக்கவில்லை. “ஆமாங்க சார்” என்றாள். காலையில் சாட்சி சொன்ன மிராசுதாரை ‘நீங்க’ என்ற வாய் தன்னை ‘நீ’ என்கிறது. அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

குற்றவாளிக் கூண்டில் நின்ற ஐந்து பேரில் அவள் அப்பா காத்தானும் ஒருவர். அன்றைக்கு அவரும் இதையேதான் கேட்டார். “நாங்க வவுத்துக்குக் கேக்கப் போறோம், நீ வானத்தை அண்ணாந்து பாக்கப் போறியா? இதுக்கா ஒன்னைய பி.எஸ்ஸி. படிக்க வச்சேன்?”

இப்போது அவருக்கு ஜெயிலா வீடா என்பது அந்த வானத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எண்பத்தேழு மார்ச் மூன்றாம் தேதி, மிராசுதார் பஞ்சநதத்தின் களத்தில் வைக்கோல் போர் எரிந்தது. கீழ்வேளூரில் ஊர்வலம் முடிந்து திரும்பியவர்கள் ஒன்பது மணிக்குக் கொளுத்தினார்கள் என்பது புகார். அணைக்க ஓடியவர்களைத்தான் போலீஸ் பிடித்தது. அவர்கள் வருவதற்கு முன்பே அது எரிந்துகொண்டிருந்தது என்று சொல்லத் தெருவில் ஆள் இல்லை. குஞ்சுகுளுவான் உட்பட எல்லோரும் ஊர்வலத்தில்.

ராஜாத்தியின் நோட்டு மட்டும் இருந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் தெற்கு வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. சூப்பர்நோவா. அகத்திய நட்சத்திரத்துக்கு ஒரு சாண் கீழே. அடிவானத்திலிருந்து பார்த்தால் ஒரு கைப்பிடி உயரம். தினமும் ஏழு மணிக்கு மேல் பைனாகுலரில் பார்த்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, ஒளியைக் குறித்து வந்தாள். தெரிந்தால் எவ்வளவு என்று எழுத வேண்டும். தெரியாவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும். வெறுமனே விடக் கூடாது. அந்த வேலையின் சட்டம் அது.

மார்ச் மூன்று. ஏழு பத்து: தெரிகிறது. ஏழு இருபது: தெரியவில்லை. அகத்தியரும் மங்கல், சிவப்பு. தெற்கே புகை.

வக்கீல் ஒரு பேப்பர் நறுக்கை ஆட்டினார். “வெடிச்ச நட்சத்திரம் மங்கிப்போகும்னு இதுலயே போட்டிருக்கான். அது தானா மங்கினதைப் பாத்துட்டு நீ புகைங்கிறே.”

இவ்வளவு லேசான கேள்வியை ராஜாத்தி எதிர்பார்க்கவில்லை.

“வெடிக்கிற நட்சத்திரத்தை ரெண்டு வகையா பிரிப்பாங்க சார். ஒளியைப் பிரிச்சுப் பாத்தா ஹைட்ரஜன் கோடு இல்லேன்னா முதல் வகை, இருந்தா ரெண்டாம் வகை. இது ரெண்டாம் வகை. எந்த வகையா இருந்தாலும் மங்க வாரக்கணக்கு ஆகும். பத்து நிமிஷத்துல அவியுறதுக்கு அது சிம்னி வெளக்கு இல்லே.”

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“ஒளி மாறுற நட்சத்திரமும் அப்படித்தான் ஐயா. தானா மாறுறது ஒண்ணு. குறுக்க ஏதாச்சும் வந்து மறைக்கிறதால மாறுறது இன்னொண்ணு. அகத்தியர் தானா மங்குற சாதியே கிடையாது. ரெண்டும் சேந்து மங்கினா, ரெண்டுக்கும் முன்னாடி என்னமோ நிக்குதுன்னு அர்த்தம்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

குஞ்சிதபாதம் அசரவில்லை. கடைசிக்கென்று ஒன்றை வைத்திருந்தார். நோட்டை விரித்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

“மத்ததெல்லாம் நீல மை. நேரம் மட்டும் பச்சை மை. வழக்கு வந்தப்புறம் எழுதிச் சேத்தது தானே?”

பின் பெஞ்சில் பஞ்சநதம் துண்டைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நேரம் எழுதினது நான் இல்லைங்க” என்றாள் ராஜாத்தி.

இருட்டுக்குப் பழகிய கண், ஒரு கீற்று டார்ச் வெளிச்சம் பட்டாலும் கெட்டுப்போகும். மறுபடி பழகக் கால் மணி நேரம் ஆகும். அதனால் பார்ப்பவர் கடிகாரம் பார்க்கக் கூடாது. ஒருத்தி பார்த்து ‘இப்போ’ என்பாள். இன்னொருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு, டார்ச்சைத் துணியால் மூடி, மணியை எழுதுவாள். மற்றதை ராஜாத்தி பிறகு நிரப்புவாள்.

“கேட்டா சொல்லு. கேக்காம நீயா சொல்லாதே” என்று சொல்லியிருந்தாள் அந்த இன்னொருத்தி. எட்டு மாதமாக யாரும் கேட்கவில்லை. இவர்கள் தரப்பு வக்கீல்கூட எத்தனை மணி என்றுதான் கேட்டார். யார் எழுதியது என்று கேட்கவில்லை.

“ஓகோ. அப்ப யாரு எழுதினது? உங்க தெருவுல வாட்ச் கட்டின மகராசி யாரும்மா?”

கேட்டுவிட்டார்.

ராஜாத்தி மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினாள். “ஐயா, நோட்டை மிராசுதார்ட்ட காட்டச் சொல்லுங்க. கையெழுத்து அவருக்குத் தெரியும்.”

டவாலி நோட்டைப் பின் பெஞ்சுக்குக் கொண்டுபோனார். பஞ்சநதம் ஏளனமாக வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பச்சை மையில் வரிசையாக ஏழுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் குறுக்கே ஒரு சின்னக் கோடு.

மன்னார்குடி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து மூன்று வருஷம் வந்த கடிதங்களில், தேதி போட்ட இடத்தில் இருந்த அதே ஏழு. அவர் மகள் ஆனந்தவல்லி போடும் ஏழு.

மாஜிஸ்திரேட் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அவர் தலையைத் தூக்கினார்.

அந்த ஊரில் மொட்டை மாடி வைத்த வீடு அவருடையது ஒன்றே ஒன்றுதான். அதில் ஏறித் தெற்கே பார்த்தால் முதலில் தெரிவது களம். நட்சத்திரமெல்லாம் அதற்கு மேலே.