சத்தம் போடுகிற ரிம்

சக்கரம் வாங்கப் போன இடத்தில், ரிம்மைக் காதோரம் பிடித்துச் சுண்டிச் சுண்டிப் பார்க்கிற மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நான் அப்படி ஒருத்தரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரியவள் அப்போது இடுப்பில் இருந்த கைக்குழந்தை. சரளைப் பாதையில் ஓட்டுகிற இவருடைய கிராவல் பைக்குக்குக் கையால் கம்பி கோத்துச் சக்கரம் கட்ட வேண்டும் என்று, சக்கரக்கார அண்ணன் பட்டறைக்குப் போயிருந்தோம். மேசையில் இரண்டு ஜோடி கார்பன் ரிம்; ஒன்றின் பக்கச்சுவர் தாழ்வு, மற்றதில் நல்ல உயரம்.

"குடமா வாங்க வந்தீங்க, தட்டிப் பார்க்கறதுக்கு?" என்றார் அண்ணன். "இந்தத் தாழ்வான ரிம்மை எடுத்துக்குங்க. எடை கம்மி, அகலம் தாராளம். சரளைக்கல்லு மேல போனாலும் பூனை நடந்த மாதிரி இருக்கும்."

"அந்த உயரமான ரிம்?"

"அது உள்ளே வெறும் கூடு தம்பி. ஒரு பொடிக்கல்லு பட்டாப் போதும், தகர டப்பா உருளற மாதிரி கத்தும். பக்கக் காத்துல கொஞ்சம் ஆட்டவும் ஆட்டும். நான் கட்டின சக்கரத்துல இருந்து இதுவரைக்கும் ஒரு முனகல் வந்ததில்லை."

"அந்தக் கத்தறதையே கட்டிடுங்கண்ணே" என்றார் இவர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"தெருவே திரும்பிப் பார்க்கணுமாக்கும்? ஆபீஸ் விட்டா எங்கப்பா வீடு, அதை விட்டா நம்ம வீடு. இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஏற்கெனவே அப்பா உங்க முகத்துல முழிக்கறதில்லை!"

அது நிஜம்தான். அம்மா போன பிறகு அப்பாவுக்குக் கண்ணும் மங்கிப்போனது. வாசல் கேட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இவர் தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு மாதமாக அப்பா கேட்டுப் பக்கமே வருவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். இவர்தான் ஏதோ ஏடாகூடமாகப் பேசியிருப்பார் என்று எனக்குள் ஒரு கோபம்.

கல்யாணத்துக்கு முன்னால் இப்படியா இருந்தது? இவருடைய பழைய ஓட்டை சைக்கிளில் செயின் கவர் அடித்துக்கொள்ளும் சத்தம் தெருத் திருப்பத்திலேயே கேட்டுவிடும். அம்மா ஒன்றும் தெரியாதவள் மாதிரி சீப்பை என் பக்கம் தள்ளுவாள். அப்பா படித்த பேப்பரையே மறுபடி விரித்துக்கொள்வார். இவர் உள்ளே வரும்போது மூன்று பேரும் ரொம்பச் சாதாரணமாக உட்கார்ந்திருப்போம்!

"யாருக்காக இந்தப் பகட்டு? வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

"மாமாவுக்காக."

"அப்பாவுக்கா?"

இவர் ரிம்மைக் கீழே வைத்தார். "போன மாசம் ஒருநாள் போனேன். இந்த சைக்கிள்தான் சத்தமே போடாதே, நான் வந்தது மாமாவுக்குத் தெரியலை. அவர் அத்தைகூடப் பேசிட்டிருந்தார்."

"எந்த அத்தை?"

"உங்கம்மாகூடத்தான். பக்கத்துல ஒரு காலி நாற்காலி. பாப்பாவுக்கு ரெண்டாவது பல்லு வந்ததைச் சொல்லிச் சிரிச்சார். அப்புறம் அழுதார். எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாம நின்னுட்டேன். நாற்காலிப் பக்கம் கையை நீட்டினவர் என் சட்டையைத் தொட்டுட்டார். 'எவ்வளவு நேரமா நிக்கறீங்க மாப்பிள்ளை?'ன்னு கேட்டு அப்படியே கூசிப்போயிட்டார். மறுநாள்லேர்ந்து உள்ளே போனவர்தான்."

குழந்தை என் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"பெல் அடிக்கலாமில்லையா?" என்றேன், குரல் இறங்கி.

"பெல் அடிச்சா, அவருக்காகத்தான் அடிக்கறேன்னு தெரிஞ்சுடும். சக்கரம் அது பாட்டுக்குக் கத்தினா, அது சக்கரத்தோட குணம். திருப்பத்துல வரும்போதே காதுல விழும். பேச்சை முடிச்சுட்டு முகத்தைத் துடைச்சுக்க அவருக்கு நேரம் கிடைக்கும். மறுபடியும் வாசல் கேட்டுகிட்ட வந்து உட்காருவார்."

அண்ணன் தாழ்வான ரிம் இரண்டையும் எடுத்து அலமாரியில் வைத்தார். உயரமான ரிம்மை மடியில் போட்டுக்கொண்டு முதல் கம்பியைக் கோத்தார். நிமிராமலே சொன்னார்:

"ஏம்மா, இவ்வளவு சத்தமா இருக்கேன்னு அப்பா கேட்டார்னா, கட்டினவனுக்குத் தொழில் தெரியலைன்னு சொல்லிடும்மா."